சந்தனம் தின்ற எண்

தம்பி,

நீ பிரித்துப் போட்டுவிட்டுப் போன பேஸ் கிட்டார் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. உடல் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். திருகுகள் பிஸ்கட் டப்பாவில். நீ போன நாளிலிருந்து நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். மேசையைத் துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைக்கிறேன். பலகாரம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக், வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே யாரோ நோயாளி படுத்திருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நானும் தாழ்த்திக்கொண்டேன். எனக்கும் அப்படித்தான் பழகிவிட்டது.

நகோயாவிலிருந்து உன் கடிதம் வந்தது. முதல் பக்கத்தில் குளிர், விடுதி, தொழிற்சாலையில் காலையில் எல்லோரும் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்வது. மற்ற பக்கங்கள் முழுக்க பேஸ். அதைச் செய்த ஊர் மலைக்குள் இருக்கிறது, ரயிலில் போய்விடலாம், விடுமுறை கிடைத்ததும் போய்ப் பழைய தொழிலாளிகள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகும் முன் திரும்பி நின்று கேட்ட அதே கேள்வி. அது அப்பாவுடையதுதானா?

பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய். எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவன் நீ. அதனால் நடந்த வரிசையில் எழுதுகிறேன். மெதுவாகப் படி.

சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தையிலிருந்து நீ அதைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை. மழை. நான் திருப்பலி முடிந்து வந்து குடையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். லிஃப்டிலிருந்து நீ பனியனோடு இறங்கினாய். சட்டை கிட்டாருக்கு. பழைய மின்விசிறிகளுக்கும் டெலிபோன்களுக்கும் நடுவே தார்ப்பாயில் கிடந்தது என்றாய். உடல் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். கழுத்தின் நுனியில், முறுக்காணிகள் இருக்கும் தலையில் பெயர் இல்லை. விற்ற பழைய சாமான் காராங்குனிக்காரருக்கு அது பேஸ் என்றே தெரியவில்லையாம். கிட்டாருக்கு ஆறு கம்பி இருக்கவேண்டும், இதில் இரண்டு போய்விட்டது, நாலுதான் மிச்சம், அதனால் குறைத்துத் தருகிறேன் என்றாராம். நீ வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாய். பேருந்தில் வரும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை என்றாய். வீட்டுக்குள் வந்தும் அடங்கவில்லை.

அன்று மாலை எனக்குப் பாடம் நடந்தது. நான் வகுப்பறையில் நின்று பழகியவள். உட்கார்ந்து கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. பெயரைக் கடைசியில்தான் பார்க்கவேண்டும் என்று தொடங்கினாய். எழுபதுகளில் ஜப்பானில் ஒரே தொழிற்சாலை, கேட்டவர்களுக்கெல்லாம் அவரவர் கேட்ட பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. எல்லாம் அமெரிக்கக் கிட்டார்களைப் பார்த்துச் செய்த நகல்கள். இங்கே வந்து சேர்ந்த பிறகு சிலர் அந்தப் பெயரையும் சுரண்டிவிட்டு அமெரிக்கப் பெயரை ஒட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். பெயர் பொய் சொல்லும், திருகு பொய் சொல்லாது என்றாய். அமெரிக்கத் திருகுக்கு அங்குலம், ஜப்பான் திருகுக்கு மில்லிமீட்டர். கழுத்தைக் கழற்றி, அது உட்காரும் குழியில் மரத்தின் வெட்டைக் காட்டினாய். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், முந்தைய காலத்து மலிவுச் சரக்கு. ஒரே மரமாக இருந்தால் பிந்தியது, உயர்ந்தது. இதில் அடுக்கு தெரிந்தது. உனக்கு வருத்தமில்லை. கழுத்தைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வளைந்திருக்கிறதா என்று துப்பாக்கிக் குறி பார்ப்பதுபோலப் பார்த்தாய். கட்டாய ராணுவச் சேவையில் கற்றது அதற்காவது பயன்பட்டது.

பிறகு விலை. மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் மதிப்பில் பாதி போயிற்று. மாற்றிய பாகம் ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் போகும். இத்தனை நாள் யாரும் சீண்டாத இந்த நகல்களை இப்போது ஜப்பான்காரர்களே தேட ஆரம்பித்திருக்கிறார்கள், இன்னும் சில வருடங்களில் எல்லோரும் தேடுவார்கள் என்றாய். தலையில் கறுப்புக்குக் கீழே பெயர் இருக்கும், சுரண்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். நீ பதறிப்போனாய். பழையதன்மேல் அடித்த பெயின்ட்டை எடுக்கத் தெரிந்தவர்தான் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் கீழே இருப்பதும் சேர்ந்து வந்துவிடும் என்றாய். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கியபோது மரத்தில் இரண்டு சிறு ஓட்டைகள். அவற்றுக்குள் சிவப்பாக ஏதோ அடைத்திருந்தது. டார்ச் அடித்தாய். ஜப்பானில் ஒரு செம்மரம் உண்டு, தொழிற்சாலையில் தொடக்க காலத்தில் இப்படி அடைத்திருப்பார்கள், ஆகவே இது மிகப் பழைய வரிசை என்று சொல்லி, அந்த ஓட்டைகளைப் படம் வரைந்துகொண்டாய். அந்தப் படத்தை அங்கே மேற்பார்வையாளரிடம் காட்டியதாகவும் அவர் வெகுநேரம் யோசித்ததாகவும் இப்போது எழுதியிருக்கிறாய். பிறகு அந்தப் படத்துக்கு வருகிறேன்.

கடைசியில் பின்பக்கத்து இரும்புத் தகட்டைத் திருப்பினாய். கழுத்தையும் உடலையும் சேர்த்துப் பிடிக்கும் நாலு திருகுகள் அதன் வழியாகத்தான் போகின்றன. எண் அதில்தான் அடித்திருக்கும். எண் தெரிந்தால் மற்ற எண்களோடு ஒப்பிட்டு எந்த வருடத்துச் சரக்கு என்று சொல்லலாம் என்றாய். இதில் எண் இல்லை. நடுவில் வட்டமாக, அம்மைத் தழும்பு மாதிரி, இரும்பு அரித்துப்போயிருந்தது. சரி, விலை இன்னும் குறைந்தது என்று நான் நினைத்தேன். நீ தகட்டை முகத்தருகே கொண்டுபோனாய். அப்புறம் நீ பேசிய குரல் பத்து வயதுப் பிள்ளையின் குரல்.

"அம்மா, இது சந்தனம். சரஸ்வதி பூஜைக்கு வச்சது. எனக்கு ஞாபகம் இருக்கு. இது அப்பாவோடது."

அது சந்தனமா, வெறும் துருவா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தீவில் எது துருப்பிடிக்காமல் இருக்கிறது? கடல் காற்று, வியர்வை, மழை. கதவுத் தாழ்ப்பாள்கூடத் தின்னப்பட்டுவிடுகிறது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தபோது சந்தனமாக இருக்கட்டும் என்று தோன்றியது.

அப்பாவின் பேஸ் எப்படிப் போனது என்பது உனக்குத் தெரிந்த கதைதான். பகலில் தபால் நிலையம், வார இறுதியில் மேடை. சமூக மன்றங்களில் கலை நிகழ்ச்சி, கல்யாண விருந்து, எப்போதாவது ஹோட்டல். உடம்புக்கு முடியாமல் போன வருடத்தில் குழுவின் பாடகர் ஒருவர் ஈப்போவில் கச்சேரி என்று இரவல் கேட்டார். அப்பா கொடுத்தார். பாடகர் அங்கேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் கேட்பதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அப்பா இறந்துபோய்ச் சில மாதங்களில் நாம் கிளமெண்டிக்கு மாறினோம். புது வீட்டில் பேஸ் பெட்டிக்கென்று கதவுக்குப் பின்னால் ஓர் இடம் விட்டு அலமாரியை வைக்கச் சொன்னவன் நீ. அந்த இடத்தில் இப்போது துடைப்பம் நிற்கிறது.

உன் கடிதம் வந்தபின் அந்தத் தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரிடம் காட்டுவது என்று தெரியாது. பள்ளிக்கும் போனது, சர்ச்சுக்கும் போனது. பேனா தேடிக் கையை விடும்போதெல்லாம் விரலில் பட்டது. அப்புறம் ஒரு சனிக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ தங்கச்சி என்றார்கள். திரும்பினால் துரை அங்கிள்.

உனக்கு முகம் நினைவிருக்காது. அப்பாவுக்கு முன்னால் அதே குழுவில் பேஸ் வாசித்தவர். பிறகு வேறொரு குழுவுக்குப் போனார். இரண்டு குழுவும் பயிற்சி செய்தது ஒரே இடத்தில், சிராங்கூன் ரோட்டின் கிளைச்சந்து ஒன்றில், பூமாலைக் கடைக்கு மேல்மாடியில். கீழே மல்லிகை, மேலே டிரம்ஸ். அவரும் அப்பாவும் ஒரே நாளில் ஒரே கடையில், ஒன்றாக வந்திறங்கிய ஒரே மாதிரி இரண்டு ஜப்பான் பேஸ் வாங்கினார்கள். அப்போது அரசாங்க உத்தரவுப்படி நீள முடி வைத்த ஆண்களை அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்பார்கள். அப்பா தபால் நிலையத்து ஆள் என்பதால் முடியை வெட்டிக்கொண்டார். துரை அங்கிள் வெட்டவில்லை. தபால்தலை வாங்க வரும் அவரை அப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல் எல்லோருக்கும் பின்னால் நிற்கவைப்பாராம். இப்போது அவருக்கு வெட்டுவதற்கு முடியே இல்லை. கப்பல் பட்டறையில் இடக்கை விரல்கள் நசுங்கியதிலிருந்து வாசிப்பதும் இல்லை. புக்கிட் மேராவில் இருக்கிறார்.

மீன்கடை ஈரத்தில் நின்றபடியே தகட்டை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் சிரித்தார்.

"இது நம்மாளு கிட்டார் லா. யாரு வாசிச்சது?"

பெயர் இல்லை, எண் இல்லை, எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். தமிழ்க் குழுக்களில் எல்லோரும் சந்தனம் குங்குமம் வைப்பது இந்தத் தகட்டில்தான் என்றார். முன்பக்கம் வைத்தால் மேடையில் தெரியும். ஹோட்டல் மேனேஜர் திட்டுவார். அதனால் பின்பக்கம், வயிற்றோடு ஒட்டி இருக்கிற இடம், யார் கண்ணிலும் படாது. ஈரச் சந்தனம் காய்ந்து அப்படியே கிடக்கும், அடுத்த வருடம் அதன்மேலேயே இன்னொன்று.

"சீனவங்க வாசிச்சது, மலாய்க்காரங்க வாசிச்சது எல்லாம் தகடு பளபளன்னு இருக்கும். நம்ம ஆளுங்களோடது மட்டும் நம்பரைச் சந்தனம் தின்னுடும்."

எல்லோருமா என்று கேட்டேன். எல்லோரும்தான் என்றார். மீன்காரர் எப்படி வெட்டவேண்டும் என்று கேட்டார். தலை, என்றேன். எதை நினைத்துச் சொன்னேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று வீட்டுக்கு மீன் தலை மட்டும் வந்தது.

தம்பி, நான் ஒரு வருடம்கூடத் தகட்டில் வைத்ததில்லை.

நாங்கள் இரண்டு பேர் வீட்டுச் சம்மதமும் இல்லாமல் பதிவு செய்துகொண்டவர்கள். அந்த முதல் வருடம் சரஸ்வதி பூஜைக்கு அப்பா பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் வாங்கிவந்துவிட்டார். அப்போது சாதாரண கிட்டார்தான், பேஸ் பிறகு வந்தது. நான் சர்ச்சில் வளர்ந்த பெண். பல்கலைக்கழகத்தில் உலகத்தின் எல்லா மதங்களைப் பற்றியும் கட்டுரை எழுதியிருந்தேன், ஒரு சந்தனக் கிண்ணத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாது. என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். ஒரு பொட்டு வை என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே இடம் நெற்றி. திருநீற்றுப் புதன் அன்று சாமியார் சாம்பலால் சிலுவை போடும் இடம். கிட்டாருக்கு நெற்றி என்றால் தலைதானே. கழுத்துக்கு மேலே, முறுக்காணிகளுக்கு நடுவில், கம்பெனிப் பெயரின் மேலேயே வைத்தேன். சந்தனம், அதன்மேல் குங்குமம். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கு என்றார். பேஸ் வந்த பிறகு அதற்கும் அங்கேதான். ஒவ்வொரு வருடமும் அவரே அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, தலைப்பக்கத்தை என்னிடம் நீட்டிப் பிடிப்பார், குழந்தையை நீட்டுவதுபோல.

நீ பார்த்ததும் பொய் இல்லை. பயிற்சி அறைப் பூஜைக்கு அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வரிசையாகக் கவிழ்த்து வைத்த வாத்தியங்களையும் தகட்டில் சந்தனத்தையும் நீ பார்த்திருக்கிறாய். அவை மற்றவர்களுடையவை. அப்பாவுடையது வீட்டிலேயே பொட்டு வைத்துக்கொண்டுதான் அங்கே போகும்.

தகட்டைத் தின்றது துருவாக இருக்கலாம் என்று நினைத்தவரை சந்தேகம் இருந்தது, சந்தனம் என்று உறுதியானபின் இல்லை. ஆகவே, மேசையில் இருக்கும் பேஸ் உன் அப்பாவுடையது அல்ல. எழுதிவிட்டேன். இந்த வரியை எழுதும் முன் எழுந்துபோய்த் துணிகளை மடித்துவைத்துவிட்டு வந்தேன். நீ இதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைப்பாய், ஜன்னலுக்குப் போவாய். போய்விட்டு வா. இன்னும் இருக்கிறது.

ஞாயிறு மாலை துரை அங்கிள் வீட்டுக்கு வந்தார். நான்தான் கூப்பிட்டிருந்தேன். புது எம்ஆர்டி ரயிலில் முதல் தடவை வந்தாராம். காற்றே வரவில்லை, பஸ்தான் நல்லது என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கறுப்புப் பெயின்ட்டைப் பார்த்து முகம் சுளித்தார். வலக்கையால் மெதுவாகப் புரட்டினார். நீ பிளாஸ்டிக் தகட்டைத் திரும்பப் பொருத்தாமல் போனது நல்லதாயிற்று. அந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார். நான் உன் செம்மரத்தைப் பற்றிச் சொன்னேன். ஜப்பான், தொடக்க காலம், அரிய வரிசை, மேற்பார்வையாளர் யோசித்தது எல்லாம். நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அது ஊதுபத்திக் குச்சி."

விரலை வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கட்டை கம்பிகளுக்குக் கீழே இருந்ததாம். அவருக்கு அது மேலே வேண்டும். கழற்றி மேலே வைத்துவிட்டார். பழைய ஓட்டையை அடைக்க மரம் தேடினார், கிடைக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் எரிந்து முடிந்த ஊதுபத்திகளின் சிவப்புக் குச்சிகள் இருந்தன. உடைத்துப் பசை தடவிச் சொருகினார். கச்சிதமாக நின்றது. இரண்டு ஓட்டை, ஒரு செலவும் இல்லை. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு போய்க் கண் கலங்கியது. பிறகு மறுபடி சிரிப்பு.

"ஜப்பான்காரனையே யோசிக்க வச்சிட்டேனே. தம்பிகிட்ட சொல்லு, அந்தக் குச்சிய மட்டும் பிடுங்க வேணாம்னு."

அது அவருடைய பேஸ். விரல்கள் போன பிறகு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல், அடுத்த அடுக்குமாடிப் புளோக்கில் இருந்த ஒரு மலாய்ப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். அவன் ராக் குழு வைத்திருந்தான், கறுப்பு அடித்தான். அவன் ராணுவத்துக்குப் போனபோது அது கைமாறியது. அங்கிருந்து எத்தனை கை வழியாகத் தார்ப்பாய்க்கு வந்தது என்பது தெரியாது. எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் சொன்னேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன், நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். அவர் தலையாட்டினார், வேண்டாம் என்று. தெருவில் கிடந்ததைச் சட்டையைக் கழற்றிப் போர்த்திக் கொண்டுவந்தவனுக்குத்தான் அது என்றார். திரும்பி வரும்போது அவன் வாசிக்கட்டும், நான் வந்து கேட்கிறேன், தப்பா வாசித்தால் சொல்கிறேன் என்றார்.

காப்பி கொடுத்தேன். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போதுதான், தலையில் பொட்டு வைத்த என் கதையைச் சொன்னேன். எனக்கு இடம் தெரியவில்லை, அவரும் சொல்லவில்லை, உங்களுக்கெல்லாம் பார்த்தால் சிரிப்பாக இருந்திருக்கும் என்றேன். துரை அங்கிள் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"அதுக்கு நாங்க ஒரு பேரு வச்சிருந்தோம். உன்கிட்ட சொல்லக்கூடாது."

சொல்லுங்கண்ணே என்றேன்.

"சின்ன வீடு."

அவரே விளக்கினார். அப்பாவின் வீட்டுக்காரம்மா, அதாவது நான், பொட்டு வைப்பதில்லை. அவர் தோளில் மாட்டிக்கொண்டு வருகிற இவளுக்கு மட்டும் நெற்றியில் பெரிய பொட்டு. பயிற்சிக்கு வந்தால், சின்ன வீடு வந்தாச்சா என்று கேட்பார்களாம். அப்பா வெட்கப்படுவாராம். ஹோட்டலில் மேனேஜர் முறைக்கும்போது கறுப்பு டேப்பை ஒட்டி மறைத்துக்கொண்டு வாசிப்பார். இறங்கியதும் டேப்பைப் பிரித்து, குங்குமம் அப்பிக்கொண்டு வந்திருந்தால் விரலால் திரும்பத் தொட்டுச் சரிசெய்வார். ஒரு தடவை துரை அங்கிள் கேட்டாராம், பின்னாடி வச்சாத் தொல்லை இல்லையே, வீட்டில் சொல்லிவிடக்கூடாதா என்று.

"அவ வச்ச எடம்தான் எடம்னாரு."

அவ்வளவுதான். கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

இத்தனை வருடம் அது எனக்குத் தெரியாது, தம்பி. தவறான இடம் என்பதும் தெரியாது, அதை அவர் டேப் ஒட்டிக் காப்பாற்றினார் என்பதும் தெரியாது. உன் பேஸ் அவருடையதாக இருந்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது. அவருடைய பேஸ் ஒன்றை நீ தேடினாய். எனக்கு அவரே கொஞ்சம் கிடைத்தார். உன் கையில் எதுவும் இல்லாமல் விட்டுவிட்டு நான் மட்டும் வாங்கிக்கொண்டதுபோல முதலில் தோன்றியது. பிறகு தோன்றவில்லை. இந்த வரிகளைப் படிக்கும்போது அவர் டேப்பைப் பிரிப்பது உனக்கும் தெரியும்.

புத்திமதி எழுத எனக்கு வராது. உன் பாடத்தையே திருப்பித் தருகிறேன். தகட்டைப் பார்த்துச் சந்தனம் என்றாய். அது சரி. இந்த ஊரில் எந்தக் கடைக்காரருக்கும் அது தெரிந்திருக்காது. குச்சியைச் செம்மரம் என்றாய். அது ஆசை. இரண்டையும் ஒரே குரலில் சொன்னாய். நீ பார்த்தது எது, நீ விரும்பியது எது என்று அடுத்த தடவை கொஞ்சம் நின்று கேட்டுக்கொள். விரும்புவதை நிறுத்தாதே. விரும்பியதால்தானே அதைத் தார்ப்பாயிலிருந்து எடுத்தாய். அப்புறம், பெயரைக் கடைசியில் பார் என்றாயே, அங்கே உன் பெயரைச் சொல்ல முடியாமல் திணறுகிறவர்கள் இருப்பார்கள். விடுதியில் சாப்பிடும்போது பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடித்திருக்கிறாய். அடித்தாலும் படிக்க முடிகிறது. உன் மேற்பார்வையாளர் ஓர் ஓட்டையின் படத்தை வெகுநேரம் பார்த்தார் என்றும் எழுதியிருக்கிறாய். அப்படிப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஊதுபத்திக் கதையைச் சொல். அவர் சிரித்தால் எனக்கு எழுது.

இதுவரை எழுதி வைத்துச் சில நாள் ஆயிற்று. இந்த வாரம் சரஸ்வதி பூஜை. துரை அங்கிள் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு தடவை அதற்குப் பூஜை செய்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். வந்தார். மனைவியும் வந்தார். பொரி, கடலை, சந்தனக் கிண்ணம் எல்லாம் பிளாஸ்டிக் பையில். நான் உன் டப்பாவிலிருந்து திருகுகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல நானே முறுக்கினேன். நாலு மூலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே பக்கமாக இறுக்காமல். கழுத்து உடலில் உட்காரும்போது ஒரு சின்னச் சத்தம் வந்தது. மேசை கொஞ்சம் காலியானது. இரும்புத் தகடு மறுபடி தன் இடத்துக்குப் போனது.

அவர் சந்தனத்தைக் குழைத்தார். பேஸைக் கவிழ்ப்பார், தகட்டில் வைப்பார் என்று நினைத்து நான் தள்ளி நின்றேன். அவர் கவிழ்க்கவில்லை. கழுத்தைப் பிடித்துத் தூக்கி, தலைப்பக்கத்தை என்னிடம் நீட்டினார். கணவன் இல்லாதவள், வேறு சாமி கும்பிடுகிறவள், நான் வைக்கலாமா என்று அவர் மனைவியைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"உன் எடத்துலயே வை, தங்கச்சி," என்றார் துரை அங்கிள்.

வைத்தேன். பழைய பெயரைக் கறுப்பு மூடியிருக்கும் இடத்தில். சந்தனம், அதன்மேல் குங்குமம். கறுப்பின்மேல் அது மிக நன்றாகத் தெரிகிறது. இன்னும் துடைக்கவில்லை. பெயின்ட்டில் கறை ஏறும், விலை இன்னும் குறையும் என்று நீ சொல்வாய். குறையட்டும். பேஸை உன் அறையில் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். நான் இன்று மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். அந்த இடம் அப்பாவுடையதற்கு. அது ஈப்போவில் இருக்கலாம், பினாங்கில் இருக்கலாம், யார் கண்டது, யாராவது வாங்கி ஜப்பானுக்கே கொண்டுபோயிருக்கலாம். நீ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்கிறாய். எங்கேயாவது அதே மாதிரி ஒன்று கிடைத்தால், வழக்கம்போலப் பின்பக்கத்தைப் பார்ப்பாய். தகடு பளபளவென்று இருக்கும். எண் முழுசாகப் படிக்கலாம். யாரோ தமிழர் அல்லாதவர் வாசித்தது என்று கீழே வைத்துவிடாதே. அதைத் திருப்பு. இந்த ஒன்றுக்கு மட்டும் உன் பாடத்தை மாற்றிக்கொள். பெயரை முதலில் பார்.

பெயரின்மேல் ஒரு சிவப்புக் கறை இருக்கும். விரல் நுனி அளவு. என் விரல்.

அம்மா